உப்புக்காற்று தின்னும் முள்கம்பி! மனைக்கு வேலி போடுவோர் உஷார்!!

சென்னை—

ஒரே கடையில் வாங்கிய கம்பி. ஒரே மேஸ்திரி போட்ட வேலி. வில்லிவாக்கத்தில் போட்டது வருஷக்கணக்கில் வெள்ளையாக நிற்கும். அதையே பாலவாக்கத்தில் போட்டால் இரண்டாவது மழைக்காலத்திலேயே செங்காவி நிறம் தட்டிவிடும். தொட்டால் பொடிப்பொடியாக உதிரும்!

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று மனைக்காரர் குதிப்பார். "மேஸ்திரி வேலை சரியில்லே" என்பார் கடைக்காரர். பெரும்பாலும் இரண்டு பேர் மேலும் தப்பு இருக்காது. தப்பு, இடம் பார்க்காமல் வேலி போட்டதில்தான்.

சென்னை ஒரே ஊர் என்றாலும் மண் ஒன்றல்ல. திருவான்மியூர், கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை பக்கம் மணல். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம், பெரம்பூர் பக்கம் களிமண். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், பெருங்குடியில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. காற்றும் ஒன்றல்ல. கடலோரத்தில் உப்பு, உள்ளே வெறும் புழுக்கம். ஆகவே பக்கத்து ஊர் மச்சான் போட்ட வேலியைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தால் காசு கரி!

அரை அடி = ஒன்றரை லட்சம்

வேலிக்கு முன்னால் வேலை ஒன்று இருக்கிறது. அளப்பது.

40-க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. 60 அடிப் பக்கத்தில் வேலி அரை அடி உள்ளே போய்விட்டால் 30 சதுர அடி போச்சு. சதுர அடி 5 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட ஒன்றரை லட்சம்! வெளியே அரை அடி தள்ளிப்போனால் பக்கத்து மனைக்காரர் கோர்ட்டுக்குப் போவார்.

மனை விற்றவர் நட்ட குச்சியை நம்பி குழி தோண்டக்கூடாது. பத்திரம், பட்டா, புலப்பட நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளக்க வேண்டும். புலப்படத்தை அரசின் இணையதளத்திலேயே எடுக்கலாம். அளக்கும் நாளில் பக்கத்து மனைக்காரரையும், "வாங்க சார், நீங்களும் இருந்து பாருங்க" என்று கூப்பிட்டு நிறுத்திக்கொள்வது நல்லது. பிற்பாடு வரும் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சர்வே கல் தென்பட்டால் அதைத் தொடக்கூடாது. பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேலி வெறும் அலங்காரம் அல்ல. 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் இன்னொருவரின் இடத்தைப் பகிரங்கமாக, தன்னுடையது என்று சொல்லி, 12 ஆண்டு தொடர்ந்து வைத்திருந்தால், சொந்தக்காரர் அதை மீட்க வழக்குப் போடும் காலமே கடந்துவிடக்கூடும். மனை வாங்கிப் பூட்டுப் போடாமல் துபாய் போனவர்கள் கவனிக்க! அதற்காக வேலி போட்டுவிட்டாலே பட்டா வந்துவிடும் என்று நினைப்பதும் வடிகட்டின முட்டாள்தனம்.

நம்பர் கூடினால் கம்பி இளைக்கும்!

கம்பி வாங்கும்போது அதிகம் பேர் ஏமாறுவது கேஜ் கணக்கில்.

"8 கேஜா, 12 கேஜா?" என்று கடையில் கேட்பார்கள். 12 பெரிசு, அதனால் கெட்டி என்று நினைத்து, "12-ஏ குடுங்க அண்ணே" என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. கதை தலைகீழ். 8 கேஜ் கம்பியின் கனம் சுமார் 4 மில்லிமீட்டர். 10 கேஜ் 3.25. 12 கேஜ் 2.6 மில்லிமீட்டர்தான். 14 போனால் 2. நம்பர் ஏற ஏறக் கம்பி இளைக்கும்.

முள்கம்பியை எடை போட்டு விற்கும் கடையில் இன்னொரு கணக்கும் உண்டு. மெல்லிசுக் கம்பி என்றால் அதே கிலோவுக்கு நீளம் அதிகம் வரும். வாங்குகிறவர் முகம் மலரும். உப்புக்காற்றுக்கும் அதுதான் லட்டு!

இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு. ஜி.ஐ. கம்பி என்பது இதுதான். துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கிறது. பூச்சு தீர்ந்த அன்றுதான் இரும்புக்குக் கெட்ட காலம். காற்றில் வரும் உப்பு கம்பி மேல் படிந்து, ராத்திரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் கடலோரத்தில் பூச்சு சீக்கிரம் கரைகிறது. கம்பியின் கனத்தைக் கேட்கிறோமே தவிர, பூச்சின் கனத்தை யாரும் கேட்பதில்லை. சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் துத்தநாகம் என்று அதற்குக் கணக்கு இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் மனை என்றால் கனமான பூச்சுதான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும்.

பச்சைப் பிளாஸ்டிக் உறை போட்ட செயின்லிங்க் வலை பார்க்க அழகு. உறைக்குள்ளே ஜி.ஐ. கம்பி இருந்தால் சரி. வெறும் இரும்பு என்றால், உறை கீறிய இடத்தில் துரு உள்ளே புகுந்து சத்தம் காட்டாமல் தின்றுகொண்டே போகும்.

இதையெல்லாம் பார்த்து வாங்கியவரும் கடைசியில் சறுக்குவது ஒரு சின்ன விஷயத்தில். கம்பி ஜி.ஐ. ஆனால் அதைத் தூணோடு கட்டுவது, கான்கிரீட்டுக்கு முறுக்கும் கறுப்புக் கட்டுக்கம்பி! அதில் பூச்சே கிடையாது. ஒரு மழையில் அறுந்து, நல்ல கம்பி தொங்கிப்போகும். கட்டும் கம்பியும் ஜி.ஐ.யாகவே இருக்க வேண்டும்.

சார்னாக் கல்லறையும் பல்லாவரம் கல்லும்

தூணுக்கு வருவோம். சிமெண்டுத் தூணா, கல் தூணா, இரும்பு ஆங்கிளா?

கடலோரம் என்றால் கல்லுக்கு ஈடு இல்லை. கல்லுக்குத் துரு ஏது? சென்னைச் சுற்றுவட்டாரத்துக் கல்லைப் பற்றி ஒரு சுவையான தகவல் உண்டு. கல்கத்தாவின் ஆரம்ப காலத்து வெள்ளைக்காரர் ஜாப் சார்னாக். அங்கே அவர் கல்லறையில் உள்ள கல்லும், நம்ம பரங்கிமலை-பல்லாவரம் பக்கத்துக் கல்லும் ஒரே ரகம் என்று கண்ட புவியியல் நிபுணர் ஹாலந்து, அந்த ரகத்துக்கு 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். இன்று உலகம் பூராவும் அதே பெயர்தான். அவ்வளவு வருஷம் நிற்கும் ஜாதி!

கல் தூணில் கவனிக்க வேண்டியது விரிசல். சுத்தியலால் தட்டினால் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் ஒதுக்கிவிடலாம்.

சிமெண்டுத் தூணின் எதிரி உள்ளேயே இருக்கிறது. அதுதான் உள்ளே போட்ட கம்பி. கம்பி மேல் கான்கிரீட் மெல்லிசாக இருந்தால் உப்பு இறங்கித் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து நெம்பித் தூணைப் பிளந்துவிடும். கடலோர போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதிலேயே கான்கிரீட் கலந்தால் வெளி உப்புக்குக் காத்திருக்கவே வேண்டாம். கலப்பதற்கு லாரித் தண்ணீர் வாங்குவது கூடுதல் செலவுதான். ஆனால் வேறு வழி கிடையாது.

சவுக்குக் கம்பு மலிவு. ஆனால் மண்ணைத் தொடும் இடத்தில் கரையான் பிடித்து விடும். வீடு கட்டும் வரை தாங்கினால் போதும் என்பவர்களுக்கு மட்டும்தான் அது சரி.

ஒரு கிரவுண்டுக்குச் சுற்றளவு 200 அடி. 10 அடி கேட் போனால் 190. எட்டு அடிக்கு ஒன்று வீதம் தூண் 25, 26 வரும். ஐந்து வரிசைக் கம்பி என்றால் 950 அடி. குறுக்குக் கம்பி தனி. நாய் நுழையாமல் இருக்க வேண்டும் என்றால் கீழ் வரிசைகளை நெருக்கமாகவும், மேல் வரிசைகளைக் கொஞ்சம் தள்ளியும் இழுக்க வேண்டும். எல்லாவற்றையும் சம இடைவெளியில் இழுத்துவிட்டு, "நாய் வருதே" என்றால்?

வேலி முழுக்க இழுக்கும் இழுப்பு மூலைத் தூண்களில்தான் விழுகிறது. அங்கே இரண்டு பக்கமும் சாய்வாக முட்டு கொடுக்க வேண்டும். முட்டு இல்லாத மூலைத் தூண் நாளாக நாளாக உள்பக்கம் சாயும். கம்பி தொய்யும். மாடு நிதானமாகத் தாண்டி உள்ளே வரும்.

குழி ஆழம் மண்ணைப் பொறுத்தது. மணலில் இரண்டரை அடியாவது போய், அடியில் அகலமாகக் கான்கிரீட் போட வேண்டும். களிமண் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். மேலாக நட்ட தூணை அது ஆட்டிப் பார்த்துவிடும். பாறை என்றால் கடப்பாறை வேலைக்கு ஆகாது. துளை போட்டு இரும்பை நட்டுத்தான் தூண் நிறுத்த வேண்டும். கான்கிரீட் போட்ட மறுநாளே கம்பி இழுக்க அவசரப்படுவார்கள். ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த பிறகே இழுக்க விட வேண்டும்.

17 உயிர் குடித்த மதில்!

"கம்பி வேலி எதுக்கு, காம்பவுண்டே கட்டிடலாம்" என்பது பலர் ஆசை. கட்டலாம். ஆனால் மழை வெள்ளத்தை நினைத்துக் கட்ட வேண்டும்.

2019 டிசம்பர் 2-ந் தேதி விடியற்காலை. மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் ஊறிய தனியார் வீட்டு மதில் பக்கத்துக் குடியிருப்பு மேல் சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் பலியானார்கள். 2014 ஜூலையில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு கிடங்கின் சுவர் விழுந்து, குடிசைகளில் இருந்த தொழிலாளர்கள் 11 பேர் செத்தார்கள். இரண்டிலும் மாண்டவர்கள் சுவருக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஏழைகள்!

கணக்கைப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்று அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் சுமார் 127 கிலோ தள்ளுகிறது. பத்தடிச் சுவருக்கு ஒன்றேகால் டன்! அரைச் செங்கல் சுவர், அடியில் பீம் கிடையாது, நடுவில் தூண் கிடையாது என்றால் எப்படித் தாங்கும்? 2015-லும், 2023 மிச்சாங் புயலிலும் முடிச்சூர், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் நின்ற தண்ணீரைப் பார்த்தவர்களுக்கு மூன்று அடி ஒன்றும் பெரிசாகத் தோன்றாது.

அதனால் சுவரின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை விட வேண்டும். 'வீப் ஹோல்' என்றால் மேஸ்திரிக்குப் புரியும். "பாம்பு வரும் சார்" என்று சிலர் அடைக்கச் சொல்வார்கள். வலை வைத்து மூடலாமே தவிர சிமெண்டு பூசக்கூடாது. சுவர் ஓரம் மண் கொட்டி மேடாக்குவதும் ஆபத்து. ஊறிய மண் தண்ணீரைவிட மோசமாகத் தள்ளும்.

தாழ்வான பகுதியில் இரண்டடிச் சுவர், அதன் மேல் வலை என்பது நடுவாந்தரமான வழி. அதிலும் ஓட்டை அவசியம். தண்ணீர் போக வழி இல்லாமல் அடைத்தால் பக்கத்து வீடு முழுகும். அதற்கப்புறம் வருகிற சண்டைக்கு எந்த வேலியும் தாங்காது.

காற்றுக்கும் இதே கதைதான். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் பலம் நாலு மடங்கு. 2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் காட்டியது அதைத்தான். தகர ஷீட் வேலி புயலில் படகின் பாய் மாதிரி! வலை என்றால் காற்று ஊடுருவிப் போய்விடும். வலை மேல் கொடியை அடர்த்தியாக ஏற்றிவிட்டால் அதுவும் பாய்தான். மழைக்கு முன்னால் கழித்துவிட வேண்டும்.

ஷாக் வேலி வேண்டாம்!

வீட்டுக் கரண்டை வேலியில் விடுவது குற்றம். ஆள் செத்தால் ஜெயில். தெரியாமல் நடப்பதும் உண்டு. முள்கம்பியை மின்கம்பத்திலோ, அதை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பியிலோ முடிந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு சீரியல் விளக்கை வேலியோடு சுற்றுகிறார்கள். வயர் உரிந்த இடத்தில் மழை பட்டால் வேலி பூராவும் எமன்!

மதில் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பது பழைய பழக்கம். திருடன் சாக்கைப் போட்டு ஏறிவிடுவான். கை கிழிவது பந்து எடுக்க வரும் பையனுக்குத்தான்.

கிளுவை, மருதாணி...

காசு குறைவு, பொறுமை அதிகம் என்பவர்களுக்கு உயிர்வேலி இருக்கிறது. கிளுவைக் கொம்பை ஒடித்து நட்டாலே துளிர்க்கும். வறட்சி தாங்கும். ஆடாதொடையை ஆடு தொடாது. பெயரிலேயே இருக்கிறதே! மருதாணி வேலி போட்டால் தெருப் பெண்களெல்லாம் இலை பறிக்க வருவார்கள், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். கடலோரத்தில் காகிதப்பூ நன்றாக வரும், முள்ளும் உண்டு. சீமைக் கருவேலை மட்டும் வேண்டாம். அதை வெட்டச் சொல்லி ஐகோர்ட்டே உத்தரவு போட்டிருக்கிறது.

கொம்பு நட ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு. அடர்ந்து வரும் வரை தற்காலிகமாக இரண்டு வரிசைக் கம்பி வேண்டும். இல்லாவிட்டால் முதல் துளிரை மாடு மேய்ந்துவிடும்.

எல்லாம் முடிந்து கேட் வைக்கும்போது ஒரு விஷயம். சென்னையில் ஒவ்வொரு தடவை தார் போடும்போதும் ரோடு கொஞ்சம் உயரும். இன்றைக்கு ரோட்டை உரசினாற்போல வைத்த கேட் நாலைந்து வருஷத்தில் திறக்க வராது. தரையிலிருந்து அரை அடியாவது தூக்கி, உள்பக்கம் திறக்கிற மாதிரி வைக்க வேண்டும். இடைவெளியில் நாய் நுழையும் என்றால் அடியில் ஒரு பலகை மாட்டிக்கொள்ளலாம். ரோடு ஏறினால் கழற்றிவிடலாம்.