உண்டியல் காசு செல்லுமா?

குட்டீஸ், உண்டியலை உடைத்தீர்களா? கள்ளிக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வாண்டு உடைத்தான். பத்து ரூபாய் நாணயத்தோடு கடைக்கு ஓடினான். "இது செல்லாதுப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் கடைக்காரர். பையன் முகம் தொங்கிப் போய்விட்டது.

செல்லாது என்பது வெறும் புரளி! ரூபாய் குறியீடே 2010-ல்தான் வந்தது. அதற்கு முன் அச்சிட்ட காசில் அது எப்படி இருக்கும்? குறியீடு இல்லாதது போலி என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் உண்டு, எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

2022-ல் தர்மபுரி மாவட்டம் அரூர் இளைஞர் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? சுமார் 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து, சேலத்தில் கார் வாங்கினார். 60 ஆயிரம் காசுகள்! ஒன்று 7.71 கிராம். மொத்தம் எத்தனை கிலோ? பெருக்கிப் பாருங்கள். (எனக்கு 460-ஐத் தாண்டியது.) எண்ணியவர்கள் பாவம்! சட்டப்படி 1,000 ரூபாய்க்கு மேல் நாணயமாகக் கொடுத்தால் விற்பவர் மறுக்கலாம். இவர் வாங்கிக்கொண்டார்.

வங்கியில் கட்டுவதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. வகை பிரித்து, நூறு நூறாகப் பையில் போட்டுக் கொண்டுபோனால் காசாளருக்குச் சுலபம். 50 காசும் செல்லும். 25 காசும் அதற்குக் கீழ் உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. தாத்தா பெட்டியில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

நம் வாண்டு அம்மாவோடு வங்கிக்குப் போய் 340 ரூபாய் கட்டிவிட்டான். ரசீதைத் தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது. கடைக்காரரிடமும்தான்!