முட்டை ஒவ்வாத குழந்தைக்கு அம்மைத் தடுப்பூசி போடலாமா?

குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மைத் தடுப்பூசி போட வேண்டும் என்பதை நாம் யாவரும் அறிவோம். ஆயினும், முட்டை ஊட்டியதும் உடலெங்கும் தடித்துப்போன ஒரு குழந்தையின் தாய், "இந்த ஊசி மருந்தைக் கோழிக் கருவில் தயாரிக்கிறார்களாமே, என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று அஞ்சி நின்றுவிடுவதுண்டு. அவ்வச்சம் சரிதானா என்று பார்ப்போம்.

நமது உடலில் நோய்க் கிருமிகளோடு போராடும் காவற்படை ஒன்று உண்டு. அது சில வேளைகளில் முட்டை, பால், வேர்க்கடலை போன்றவற்றிலுள்ள புரதத்தைப் பகைவன் என்று எண்ணிவிடுகிறது. உடனே தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம் தோன்றும். சிலருக்கு மூச்சுத் திணறலும் வரும். இதுவே ஒவ்வாமை. (உண்டது செரிக்காமல் வயிறு உப்புவதையும் நாம் ஒவ்வாமை என்கிறோம், அது வேறு.)

1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் எண்டர்ஸ் என்ற அறிஞரின் ஆய்வுக்கூடத்தில், நோயுற்ற ஒரு பள்ளி மாணவனிடமிருந்து தட்டம்மை வைரசைப் பிரித்தெடுத்தனர். அதைக் கோழிக் கருவின் உயிரணுக்களில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். 1963இல் தடுப்பூசி வெளிவந்தது. நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: இவ்வகை மருந்தில் வைரஸ் வளர்வது முட்டையின் வெள்ளைக் கருவில் அன்று, தனியே பிரித்து வளர்க்கப்படும் உயிரணுக்களில். ஆகவே மருந்தில் முட்டைப் புரதம் இருந்தாலும் மிகமிகச் சொற்பமே. முட்டை ஒவ்வாத 54 குழந்தைகளுக்குத் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசியைப் போட்டுப் பார்த்த அமெரிக்க மருத்துவர்கள், ஒருவருக்கும் கடுமையான தீங்கு நேரவில்லை என்று 1995இல் அறிவித்தனர்.

ஊசியைத் தவிர்த்தால் என்ன ஆகும்? நோயாளி இருமிச் சென்ற அறையின் காற்றில் தட்டம்மைக் கிருமி இரண்டு மணி நேரம்வரை தங்கியிருக்கும். நுரையீரல் அழற்சி, மூளைக் காய்ச்சல், கண்பார்வை இழப்பு ஆகியவை அதன் பின்னே வரக்கூடும்.

எல்லா ஊசியும் ஒன்றல்ல. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா செல்வோர் போட்டுக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் ஊசி மருந்து முட்டையிலேயே வளர்க்கப்படுவது. அதில் புரதம் சற்று மிகுதி. கடும் முட்டை ஒவ்வாமை உள்ளோர் மருத்துவரைக் கேட்டே அதைப் போட வேண்டும்.

மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் ஜெலட்டின் என்ற பொருளும் சிலருக்கு ஒவ்வாது. ஜப்பானில் 1990களில் இதனால் குழந்தைகள் துன்புற்றனர். ஊசி மருந்துகளிலிருந்து அதை நீக்கிய பின் அத்துன்பம் குறைந்தது. ஜெல்லி மிட்டாயிலும் ஜெலட்டின் உண்டு. ஆகையால் முட்டையை மட்டுமன்றி, மிட்டாய் தின்று குழந்தை தடித்துப்போனதையும், முன்பு போட்ட ஊசியால் ஏதேனும் நேர்ந்திருந்தால் அதையும் செவிலியரிடம் சொல்லுங்கள்.

கடும் ஒவ்வாமை பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பத்து இலட்சம் ஊசிக்கு ஏறக்குறைய ஒன்றில் அது நேர்வதாக 2016இல் அமெரிக்காவில் கணக்கிட்டனர். அதற்கு மருந்தான அட்ரினலின் ஊசி, தடுப்பூசி போடுமிடத்தில் இருக்க வேண்டும். ஊசி போட்டதும் குழந்தையை அரை மணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வது இதற்காகவே. ஒரு வாரம் கழித்து இலேசான காய்ச்சலும் செந்தடிப்பும் கண்டால் அது ஒவ்வாமை அன்று. வலுவிழந்த வைரசுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு. இரண்டொரு நாளில் தானே தணிந்துவிடும்.