வாசிகசாலைக்கு எந்த மென்பொருள்?

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றின் வாசிகசாலைக் கூட்டத்தில் அண்மையில் நாம் கலந்துகொள்ள நேர்ந்தது. வெளிநாட்டில் வாழும் ஊரவர் சிலர் கணினியொன்றை வாங்கி உபகரித்திருந்தனர். அதுவரை நூற்பட்டியல் முழுவதும் கொப்பியிலேயே இருந்தது. அதனைக் கணினியில் ஏற்றுவதற்கு விலை கொடுத்து மென்பொருள் வாங்குவதா, அன்றி விலையின்றிக் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வதா என்பதே அன்றைய வாதம். இளைஞர் ஒரு கட்சி. செயலாளர் மறு கட்சி. நெடுநேரம் வாய் திறவாதிருந்த முதியவர் ஒருவர், நாளைக்கு இவ்வூரைவிட்டு எழும்ப வேண்டி வந்தால் இவற்றுள் எதைக் கையோடு கொண்டு போகலாம் என்று வினவினார். கூட்டம் மௌனமாயிற்று.

வன்னியில் வாழ்ந்தோருக்கு இக்கேள்வியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்த மக்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றனர். வாசிகசாலை அலுமாரியை யார் சுமப்பது? மீண்டு வந்தபோது நூல்கள் போயின என்பது ஒருபுறமிருக்க, எந்த நூல்கள் போயின என்று சொல்வதற்கேனும் பதிவேடு இல்லாத நிலையைப் பலர் கண்டனர்.

இனி, ‘விலையில்லாதது’ என்னும் சொல்லைச் சிறிது ஆராய்வோம். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் வழங்குவதால் அம்மொழியினர் இவ்விஷயத்தில் இடர்ப்படுவதுண்டு. நமக்கு அவ்வில்லங்கம் இல்லை. காசின்றிக் கிடைப்பது இலவச மென்பொருள். எவரும் உபயோகிக்கவும், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தருவது கட்டற்ற மென்பொருள். முன்னையது காசு கேளாவிடினும் அதன் சாவி கொடுத்தவர் கையிலேயே இருக்கலாம். கூகுள் நிறுவனம் காசின்றி நடத்திய ‘கூகுள் பிளஸ்’ என்னும் சந்திப்பு மண்டபம் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கே கூடியிருந்தோர் தத்தம் எழுத்துக்களைக் குறித்த நாளுக்குள் எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று.

கட்டற்ற வகைக்கு வாசிகசாலைகளுக்கென்றே பிறந்த உதாரணம் ஒன்றுண்டு. நியூசிலாந்திலே ஹொரோவெனுவா என்பது காய்கறிச் செய்கைக்குப் பேர்போன பிரதேசம். 2000 ஆம் ஆண்டு பிறந்ததும் தமது பழைய நூலக மென்பொருள் திகதியைக் கணிக்க இயலாது நின்றுவிடும் என்பதை 1999 இல் அப்பிரதேச நூலகத்தார் அறிந்தனர். வேறொன்றை விலைக்கு வாங்குவதற்குப் பதிலாக, அந்நாட்டு நிறுவனமொன்றுக்குப் பணம் கொடுத்துப் புதிதாக எழுதுவித்து, எழுதியதை உலகுக்கே வழங்கிவிட்டனர். 2000 ஜனவரியில் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியிலே அச்சொல் நன்கொடையைக் குறிக்கும். பெற்றவர் ஒருநாள் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்பும் அதனுள் அடங்கும். கலியாண வீட்டு மொய்யை அறிந்த நமக்கு இது புதுமையன்று. இன்று பல நாடுகளிலுள்ள நூலகங்கள் கோஹாவைக் கையாளுகின்றன. தமிழ் எழுத்திலேயே நூற்பெயர்களைப் பதியலாம். பட்டியல் முழுவதையும் உலக நூலகங்களுக்குப் பொதுவான ‘மார்க்’ என்னும் அமைப்பில் வெளியே எடுத்து வேறிடத்துக்குக் கொண்டு செல்லவும் முடியும்.

நம்மவர் முயற்சிக்கும் சான்றுண்டு. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் ‘நூலகம்’ திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளையே தன் தளத்துக்கு ஆதாரமாகக் கொண்டது.

இவ்வளவும் கேட்டு இளைஞர் கட்சியே வென்றதென எண்ணிவிடலாகாது. இரணைமடுவில் நீர் நிறைந்திருந்தாலும் வாய்க்காலைத் துப்புரவு செய்யாதவனின் வயலுக்கு அது வந்து சேருமா? கோஹாவை நிறுவ லினக்ஸ் அறிந்த ஒருவர் வேண்டும். நிறுவிய பின்னும் புதுப்பிக்கவும் பிரதியெடுக்கவும் ஆள் வேண்டும். நாம் அறிந்த வாசிகசாலையொன்றில் எல்லாவற்றையும் ஓர் இளைஞரே சிரத்தையுடன் செய்து முடித்தார். பின்னர் அவர் கனடா சென்றார். கடவுச்சொல்லும் அவருடன் கனடா சென்றது. எட்டு மாதம் கணினிக்குத் துணி போர்த்தியிருந்தார்கள்.

செயலாளரின் நியாயம் இதுவே. விலை கொடுத்தால் தொலைபேசியில் அழைப்பதற்கு ஒருவர் இருப்பார். பழுதுக்கு உத்தரவாதமும் இருக்கும். மெய்தான். ஆனால், ஆண்டுச் சந்தாவை டொலரில் கேட்கும் மென்பொருளாயின் 2022 ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. அங்கத்தவரிடம் மாதம் சில்லறைக் காசு திரட்டும் வாசிகசாலை அதற்கு எங்கே போகும்? சந்தா நின்றால் பட்டியல் யாரிடம் இருக்கும், எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பவற்றை வாங்குமுன்னரே எழுத்தில் பெறுதல் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியும் உண்டு. கட்டற்ற மென்பொருளை எடுத்துக்கொண்டு, பராமரிப்புக்கு மட்டும் ஒருவருக்குக் கூலி கொடுக்கலாம். அவர் சரியில்லையெனில் இன்னொருவரை அமர்த்தலாம், மென்பொருள் கைமாறுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாவிலும் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. லினக்ஸ் தெரிந்த மாணவரைத் தேடி இனிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

பல கிளைகளும் ஆயிரக்கணக்கான நூல்களும் கொண்ட பிரதேச சபை நூலகங்களுக்கு இவ்வழியே ஏற்றதென்பது நமது அபிப்பிராயம். முந்நூறு நூல்கள் மாத்திரமே உள்ள வாசிகசாலைக்கோ கோஹாவும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். லிப்ரே ஒபிஸில் ஓர் அட்டவணை போதும். கூட்டத்தில் இதனைச் சொன்னபோது இரு கட்சியாருக்கும் நம்மீது கோபமே வந்தது.

முடிவில் கோஹாவையே நிறுவுவதென்றும், கடவுச்சொல்லை மூடிய உறையிலிட்டுத் தலைவரும் பொருளாளரும் ஆளுக்கொன்று வைத்திருப்பதென்றும், மாதந்தோறும் பட்டியலை இரண்டு விரலிகளில் பிரதியெடுப்பதென்றும் தீர்மானமாயிற்று. விரலிகளில் ஒன்றை அம்முதியவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டோம். காணி உறுதி இருக்கும் பையில் என்றார்.