பாட்டியின் குரலைப் பதிய ஒரு யந்திரம்

வீட்டில் எண்பதைக் கடந்த ஒரு பாட்டி இருந்து, அவருக்குத் தாலாட்டும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் மனப்பாடமாக இருந்து, அவர் இருக்கும்போதே அவற்றைப் பதிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்காவது உதிக்குமானால், உடனே எழும் கேள்வி, எதைக் கொண்டு பதிவது என்பதே. சட்டைப் பையில் கைபேசி இருக்கும்போது தனியாக ஒரு ரெக்கார்டர் வாங்குவது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் உண்டு. விலை உயர்ந்த யந்திரம் ஒன்றை வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்புபவர்களும் உண்டு. இரு சாராரும் மறந்துவிடும் விஷயம் ஒன்று. மனிதனுடைய செவி தான் விரும்புவதைத் தேர்ந்து கேட்கிறது. தலைக்கு மேல் மின்விசிறி சுழல, அடுக்களையில் குக்கர் விசில் அடிக்க, தெருவில் லாரி உறுமிப் போக, அத்தனைக்கும் நடுவே பாட்டியின் தழுதழுத்த குரலை மட்டும் பற்றிக்கொண்டு ஏனையவற்றை உதறிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. மைக்குக்கு அது கிடையாது. வந்ததையெல்லாம் வந்தபடியே வாங்கிக்கொள்ளும். ஆகவே செவி செய்கிற தேர்வைப் பதிகிறவர் முன்கூட்டியே தம் புத்தியால் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது. யந்திரத்தை வாங்குவதிலும் கையாள்வதிலும் உள்ள நுட்பங்கள் பெரும்பாலும் இந்த ஒரு குறையை ஈடுகட்டுவதற்காகவே ஏற்பட்டவை.

கைபேசியை இகழ்வதற்கில்லை. ஒரு பெயரையோ முகவரியையோ ஞாபகத்திற்காகப் பதிந்துகொள்ளவும், வேறு சாதனம் கைவசம் இல்லாத சந்தர்ப்பத்தில் அரியதொன்றை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளவும் அது தாராளமாகப் போதும். ஆனால் அது சம்பாஷணைக்காகப் படைக்கப்பட்ட கருவி. பேச்சு எதிர்முனையில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, இடைவிடாமல் ஒரே சீராக ஒலிப்பதையெல்லாம் இரைச்சல் என்று தீர்மானித்து அடக்கிவிடும் ஏற்பாடு பல கைபேசிகளில் உண்டு. மின்விசிறியின் ஓசையை அது அடக்கினால் நமக்கு லாபந்தான். தம்புராவும் சுருதிப் பெட்டியும் அவ்வாறே சீராக ஒலிப்பவை என்பதால் அவற்றையும் சேர்த்து அடக்கிவிடும்போதுதான், சங்கீதப் பயிற்சியைக் கைபேசியில் பதிந்து கேட்கும் மாணவர்கள், சுருதி எங்கே போயிற்று என்று திகைக்கிறார்கள். பாட்டின் உச்சத்தில் ஓர் அழைப்பு வந்து பதிவை நிறுத்திவிடும் அபாயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இனி ரெக்கார்டர்கள். அலுவலகக் குறிப்புகளையும் வகுப்புப் பாடங்களையும் பதிவதற்கென்று விற்கப்படும் சின்னஞ்சிறு வாய்ஸ் ரெக்கார்டர்கள் ஒரு ஜாதி. அவை பேச்சின் பொருள் விளங்கினால் போதும் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்டவை, பாட்டுக்கு உதவா. தலையிலேயே இரண்டு மைக்குகளைத் தாங்கிக்கொண்டு ஸ்டீரியோவாகப் பதியும் கையடக்க ரெக்கார்டர்கள் மற்றொரு ஜாதி. ஜூம் கம்பெனியின் ஹெச்1என், டாஸ்காம் கம்பெனியின் டிஆர்-05, டிஆர்-07 ஆகியவை இதைச் சேர்ந்தவை. அந்த மைக்குகள் எத்திசையை நோக்கிக் கேட்கின்றன என்பதை வாங்குமுன் விசாரித்துக்கொள்வது நலம். டிஆர்-05-இல் இருப்பவை எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்பவை. காற்றின் தொல்லையும் கை பட்டால் எழும் கரகரப்பும் இவற்றில் குறைவு, ஆனால் அறை முழுவதையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். ஹெச்1என், டிஆர்-07 ஆகியவற்றில் உள்ளவை முன்புறத்தை அதிகமாகவும் பின்புறத்தைக் குறைவாகவும் கேட்பவை. சந்தடி மிகுந்த வீட்டில் இவையே உகந்தவை. இவற்றைவிடச் சற்றுப் பருத்து, வெளி மைக்குகளை எக்ஸ்எல்ஆர் கேபிள் மூலம் இணைத்து அவற்றுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தையும் தாமே வழங்கும் ஹெச்4என், ஹெச்5 போன்றவை, வானொலிக்கோ திரைப்படத்திற்கோ வேலை செய்பவர்களுக்குப் பிரயோஜனப்படுமேயன்றி, பாட்டியின் பாட்டுக்கு அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். மிஞ்சுகிற பணத்தில் நல்ல ஹெட்போன் ஒன்றும் சிறிய முக்காலி ஒன்றும் வாங்கலாம்.

எந்த வடிவத்தில் பதிவது என்பது அடுத்த விஷயம். எம்பி3 என்பது காதுக்குத் தென்படாது என்று கணக்கிடப்பட்ட பகுதிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் சேமிக்கும் முறை; கழித்தது கழித்ததுதான், பிறகு மீளாது. டபிள்யூஏவி அவ்வாறு எதையும் கழிப்பதில்லை. விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளில் எழுதுவது, ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கும் தரம். ரெக்கார்டரின் மெனுவில் இது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று காணப்படும். இந்த அளவில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறக்குறைய 1 ஜிபி செலவாகும். 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றில் முப்பது மணி நேரம் கொள்ளும் என்றால், இடத்தை மிச்சம் பிடிப்பதற்காக எம்பி3-ஐ நாடுவதற்கு இக்காலத்தில் நியாயமே இல்லை.

ஒலியின் அளவை நிர்ணயிப்பதில்தான் புதியவர்கள் பெரிதும் தடுமாறுகிறார்கள். டிஜிட்டல் பதிவில் பூஜ்யம் டெசிபல் என்பது உச்சவரம்பு. அதற்குமேல் எழுதுவதற்கு எண்களே இல்லாமையால், மீறி வரும் ஒலியின் தலை சீவப்பட்டு, பிறகு எந்த வைத்தியத்தாலும் தீராத ஒரு பிளிறலாகப் பதிந்துவிடும். ஆதலால் பாட்டின் உரத்த இடங்கள் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி அளவை முன்னதாகவே ஒழுங்கு செய்துகொள்வது உத்தமம். பாட்டியை இரண்டு அடி பாடச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் ஒத்திகையில் தயங்கித் தயங்கிப் பாடியவர், பாட்டிலே லயித்துவிட்ட பிறகு குரலை எவ்வளவு உயர்த்துவார் என்பது அவருக்கே தெரியாது என்பதால், கொஞ்சம் தாழ்வாக வைப்பதே புத்திசாலித்தனம். 24 பிட் பதிவில் தாழ்ந்ததைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். யந்திரமே அளவை ஏற்றி இறக்கிக்கொள்ளும் தானியங்கி ஏற்பாடு ஒன்று பெரும்பாலான ரெக்கார்டர்களில் உண்டு. அதை அணைத்துவிட வேண்டும். பாடுகிறவர் மூச்சு வாங்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும், ஒலி குறைந்துவிட்டதென்று பதறி அது அளவைக் கூட்ட, பின்னணியில் கிடந்த மின்விசிறியின் இரைச்சல் அலை போல் எழும்பி வருவதும், குரல் தொடங்கியதும் பதுங்குவதுமாக, கேட்பவருக்குத் தலைவலியே உண்டாகும்.

அண்மைக் காலத்தில், 32 பிட் ஃப்ளோட் என்னும் முறையில் பதியும் யந்திரங்கள் வந்திருக்கின்றன. 2022-இல் வெளிவந்த ஜூம் எஃப்3-உம், 2024-இல் வெளிவந்த ஹெச்1 எஸென்ஷியலும் இவ்வகையின. இவற்றில் அளவு குறிக்கும் குமிழே கிடையாது. தாலாட்டையும் நாதஸ்வரத்தையும் ஒரே நிலையில் பதிந்துவிட்டுப் பின்னால் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். புதியவர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதமே. ஆயினும் தவிலுக்கு அருகே கொண்டுபோய் வைத்து மைக்கே திணறிவிட்டால் அந்தத் திணறலை எந்த முறையும் நீக்காது. தொலைவில் வைத்துப் பதிந்த குரலை அருகில் கொண்டுவரவும் மாட்டாது. ஹெச்1 எஸென்ஷியலில் மெனுவைக் குரலாகவே படித்துச் சொல்லும் வசதியும் உண்டு. பார்வையற்ற ஒருவர் பிறர் உதவியின்றித் தாமே பதிவு செய்ய இது வழி வகுத்திருக்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது தூரம். பாடுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாகக் குறைத்தால் நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபல் உயரும். நான்கு அடியிலிருந்து ஓரடிக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். மேலே சுழலும் விசிறியின் ஓசையோ அநேகமாக இருந்த அளவிலேயே இருக்கும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய யந்திரமானாலும் ஆறு அடிக்கு அப்பால் அலமாரி மேல் வைத்துப் பதிந்தால், ஓரடியில் வைத்த மலிவான யந்திரத்திற்கு ஈடாகாது. வாய்க்கு நேர் எதிரே வைத்தால் ப போன்ற எழுத்துகளில் மூச்சுக்காற்று மோதிப் பொத்தென்று ஒலிக்குமாதலால், முகவாய்க்குச் சற்றுக் கீழே ஒரு பக்கமாக ஒதுக்கி, ஓரடி முதல் ஒன்றரை அடிக்குள் வைப்பது நல்லது. கையில் பிடித்துக்கொள்வதைவிட முக்காலியில் பொருத்துவதும், முக்காலியின் கீழ் மடித்த துண்டு ஒன்றை விரிப்பதும் மேல். இல்லாவிடில் மேஜையில் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடி போல் ஏறிவிடும். விசிறியை நிறுத்திவிட வேண்டியதுதான். சித்திரை மாதத்தில் முதியவரை வியர்க்க வைக்கலாகாது என்பவர்கள், விடியற்காலையில் பதியலாம். அப்போது தெருவும் அடங்கியிருக்கும். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட கூடத்தைக் காட்டிலும், துணிமணிகளும் பாயும் தலையணையும் அடைந்து கிடக்கும் சிற்றறை எதிரொலியைத் தின்றுவிடும். ரெக்கார்டரைச் சுவர் மின்சாரத்தில் இணைத்தால் சில சமயம் 50 ஹெர்ட்ஸ் முனகல் நுழைந்துவிடும். பாட்டரியிலேயே ஓட்டுவது பத்திரம். வெற்றிலை இடிக்கும் சத்தத்தை மட்டும் தடுக்க வேண்டாமென்பேன். அதுவும் அந்தப் பாட்டியைச் சேர்ந்ததுதான்.

எல்லாப் பாட்டையும் வீட்டுக்குள் பதிய முடியும் என்று எண்ணிவிடலாகாது. துக்கம் நேராத வீட்டில் ஒப்பாரி பாடுவது அமங்கலம் என்று கருதுகிற பெண்கள் பலர். வற்புறுத்தாமல், அவர்கள் விரும்பினால் தோப்புக்கோ வயல் வரப்புக்கோ சென்று பாடச் சொல்வதே மரியாதை. அங்கே காற்று வேறொரு சத்துரு. மெல்லிய தென்றலும் மைக்கில் மோதினால் புயலாகக் கேட்கும்; யந்திரத்தோடு வரும் ஸ்பாஞ்சு உறை வெளியிடத்திற்குப் போதாது, பூனையின் ரோமம் போல் அடர்ந்த மயிருறை ஒன்றைத் தனியே வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். மெனுவில் லோ-கட் என்றிருப்பதை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் காற்றின் தாழ்ந்த உறுமலும் தூரத்து பம்புசெட்டின் அதிர்வும் ஓரளவு தணியும். பெண் குரல் அதற்கு மேலேயே இருப்பதால் நஷ்டமில்லை. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் பதியப் போகிறவர்களோ ஒலிபெருக்கிக் குழாயின் முன்னால் உட்காராமல், ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் இருக்கும் பக்கமாக ஓரிடம் பிடித்துக்கொள்வது நலம். எட்டு மணி நேரத்திற்கு 8 ஜிபிக்குச் சற்று அதிகமாக வேண்டும் என்பதையும், மாற்றுப் பாட்டரிகள் அவசியம் என்பதையும் மறக்கலாகாது. சார்ஜ் செய்யும் பாட்டரி போட்டிருந்தால் அதை மெனுவில் குறிப்பிட்டுவிட வேண்டும். அதன் வோல்ட் சாதாரண செல்லைவிடக் குறைவாதலால், சொல்லாவிட்டால் மிச்சமுள்ள சக்தியை யந்திரம் தவறாகக் காட்டும்.

பதியத் தொடங்குமுன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா கேட்டுப் பார்ப்பது, இதுவரை சொன்ன அத்தனை யோசனைகளையும் ஒருங்கே சோதித்துக்கொள்ளும் வழி. செவி வடிகட்டாத உலகம் எப்படியிருக்கிறதென்பது அப்போதுதான் தெரியும். பிரிட்ஜ் உறுமுவதும் பல்லி கத்துவதும் வளையல் குலுங்குவதும் திடுக்கிடும்படி கேட்கும்.

அனுமதி கேட்பதை ஒரு சம்பிரதாயமாக எண்ணாமல் முதலிலேயே செய்துவிட வேண்டும். “அப்பத்தா, நீங்க பாடுறதை இதுல பிடிச்சு வச்சுக்கட்டுமா? நாலு பேருக்குப் போட்டுக் காட்டலாமா?” என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, அவர் சொல்லும் பதிலையும் பதிந்துகொண்டால் பிற்பாடு விவாதத்திற்கு இடமில்லை. தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், பாட்டைக் கற்றது யாரிடம் என்பவற்றைப் பதிகிறவர் தம் குரலிலேயே தொடக்கத்தில் சொல்லிவிடுவது மிகவும் பிரயோஜனமானது. ரெக்கார்டரின் கடிகாரம் பாட்டரி கழற்றியவுடன் பழைய தேதிக்குப் போய்விடக் கூடியதாகையால், ஃபைலில் காணும் தேதியை நம்புவதற்கில்லை. ஆர்னால்ட் பேக் என்ற டச்சு இசை ஆராய்ச்சியாளர் 1938-இல் தமிழகம், கேரளம் முதலிய பகுதிகளில் சுற்றிப் பாட்டுகளைப் பதிந்தார். அவருடைய மாணவராயிருந்த நஜீர் ஜைராஸ்பாய், ஏமி கேட்லினோடு சேர்ந்து 1984-இல் அதே வழியே மறுபடி யாத்திரை செய்து, எவை நிலைத்தன, எவை மாறின என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, எங்கே யார் பாடியது என்ற விவரம் கிட்டியதனாலேயே. பேர் தெரியாத குரல் எத்தனை இனிமையாகப் பதிந்திருந்தாலும், அதைக்கொண்டு அப்படியொரு காரியம் செய்ய இயலாது.

வீடு திரும்பிய அன்றே கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும், அங்கிருந்து மற்றொரு ஹார்ட் டிஸ்குக்கும் நகல் எடுத்து, இரண்டையும் திறந்து கேட்டுப் பார்த்த பிறகே கார்டை, ரெக்கார்டரில் வைத்தே, ஃபார்மட் செய்ய வேண்டும். வெட்டுவதும் ஒட்டுவதும் மெருகிடுவதும் நகலில் நடக்கட்டும். மூலத்தைத் தொட வேண்டா. பாடியவர் குடும்பத்திற்கும் ஒரு பிரதி பென் டிரைவில் கொடுத்து வர வேண்டும், அவர்கள் கேட்காவிட்டாலும். கைபேசியில் போட்டுக் கேட்கப்போகிற அந்தப் பிரதிக்கு மட்டும் எம்பி3 போதும்.