ஒரு போன், மூன்று வயது

2022 செப்டம்பரில் ஐபோன் 14 இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 79,900 ரூபாய். ஓராண்டுக்கு முன் அதே விலைக்கு வந்த ஐபோன் 13 அப்போது 69,900 ரூபாய்க்கு இறங்கியது. இரண்டிலும் 6.1 அங்குலத் திரை. இரண்டிலும் ஏ15 சிப். புதியதில் கிராஃபிக்ஸுக்கு ஒரு கோர் அதிகம், பின்கேமராவின் சென்சார் சற்றுப் பெரியது, கார் மோதினால் தானே உதவிக்கு அழைக்கும் வசதியும் உண்டு. ஆனாலும் அந்தப் புது மாடலை இயக்கியது முந்தைய ஆண்டின் சிப்தான்.

அப்படியென்றால் பழைய மாடலில் பழையது எது? போனின் மூன்று பகுதிகளுக்கு மூன்று விதமாக வயதாகிறது. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்குப் பழைய மாடல் லாபம். பார்க்காமல் வாங்கினால் மிச்சம் பிடித்த பணமே நஷ்டமாகலாம்.

முதலில் சிப். ஏ14 சிப்பில் 1,180 கோடி டிரான்சிஸ்டர்கள் இருந்தன. ஏ15இல் 1,500 கோடி, ஏ16இல் 1,600 கோடி. எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போகிறது. ஆனால் யூபிஐயில் பணம் அனுப்ப, வீடியோ பார்க்க, வாட்ஸ்அப்பில் பேச மூன்று வருடத்துக்கு முந்தைய நல்ல சிப்பே தாராளம். தேய்வதற்கு அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. சாதாரணப் பயன்பாட்டில் சில ஆண்டுகளில் அதன் வேகம் குறைந்துவிடாது.

உண்மையில் கிழடு தட்டுவது பேட்டரிக்குத்தான். லித்தியம் அயனி பேட்டரியை முதன்முதலில் சார்ஜ் செய்யும்போது உள்ளிருக்கும் திரவத்தில் கொஞ்சம் சிதைந்து, கிராஃபைட் முனையின் மேல் மெல்லிய ஏடாகப் படிகிறது. அந்த ஏடு தேவைதான். மேலும் சிதையாமல் காப்பது அதுவே. ஆனால் பாலேடு போல அது கனத்துக்கொண்டே வரும். ஒவ்வொரு முறையும் சிறிது லித்தியத்தை விழுங்கும். சூடும், எந்நேரமும் முழு சார்ஜில் வைத்திருப்பதும் இதை விரைவுபடுத்தும். டப்பா பிரிக்காமல் கடையில் கிடக்கும் போனிலும் இது மெதுவாக நடக்கும்.

ஏடு கனக்கும்போது பேட்டரியின் உள்தடை கூடுகிறது. சிப் திடீரென நிறைய மின்சாரம் கேட்டால் மின்னழுத்தம் சரிந்து போன் அணைந்துவிடும். இதைத் தவிர்க்கப் பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அந்த போன்களில் புது பேட்டரி போட்டதும் வேகம் திரும்பியது. சிப்பில் பழுதே இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி, 500 முழு சார்ஜுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டது. தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

மாற்ற முடியாதது மூன்றாவது வயது: மென்பொருள் அப்டேட். கூகுள் பிக்சல் 8 (2023), சாம்சங் கேலக்ஸி எஸ்24 (2024) ஆகியவற்றுக்கு ஏழு ஆண்டு அப்டேட் உறுதி தரப்பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. எஸ்24ஐ இரண்டு ஆண்டு கழித்து வாங்கினாலும் ஐந்து ஆண்டு மிச்சம். ஆனால் ஓராண்டே மிச்சமுள்ள மாடல், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்ற போனில், திருடர்களுக்குத் தெரிந்த ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கும். வங்கிக் கணக்கே போனுக்குள் இருக்கும் காலம் இது.

போனை நீண்ட நாள் வைத்திருப்பதால் பூமிக்கும் நன்மை. ஐபோன் 13 தன் ஆயுளில் உண்டாக்கும் கரியமில வாயு 64 கிலோ என்றும், அதில் 81 சதவீதம் உற்பத்தியின்போதே வெளியாகிவிடுகிறது என்றும் ஆப்பிள் நிறுவனமே கணக்கிட்டிருக்கிறது. நாம் சார்ஜ் போடுவதால் வருவது அதில் சிறு பங்குதான். பேட்டரி மாற்றி இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டினால், இன்னொரு போனை உருவாக்கும் புகை அந்த இரண்டு ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளோடு போங்கள். அப்டேட் எந்த ஆண்டு வரை? போன் தயாரான மாதம் எது, ஒருவர் பயன்படுத்திய போன் என்றால் பேட்டரி நலம் எத்தனை சதவீதம்? நம் ஊரில் இதற்கு அசல் பேட்டரி கிடைக்குமா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், போன வருட மாடலைத் தயங்காமல் வாங்குங்கள்.