லைசன் இருக்கு, ஓடின லொறி எது?

கண்டியிலிருந்து குருநாகலுக்கு ஏ10 வீதியில் 42 கிலோமீற்றர்தான். ஆனால் கண்டி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றரில் இருக்கிறது, குருநாகலோ 120 மீற்றருக்கும் கீழே. இந்த ஏற்ற இறக்கத்தின் வாசலில் உள்ள ஊர் கலகெதர. 1803இல் கண்டியைப் பிடிக்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை இங்கிருந்த காவலரணைத்தான் வழியில் கைப்பற்றியது. இன்று அதே வாசலில் கனரக வாகன அனுமதிப்பத்திரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஓட லொறி கிடைக்காமல் இளைஞர்கள் நிற்கிறார்கள்.

லொறி முதலாளியின் முதல் கேள்வி லைசனைப் பற்றியதல்ல. “என்ன வாகனம் ஓடியிருக்கிறீங்க தம்பி? எந்தப் பக்கம்?” லைசன் இல்லாமல் யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த அட்டையைப் பார்த்து ஆளை எடைபோட முடியாது என்றும் தெரியும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் சீ1 வகுப்பு, மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டி 17,000 கிலோ வரை உள்ள லொறிகளுக்கானது. அதற்கு மேல் சீ, பின்னால் இழுவைப்பெட்டி பூட்டினால் சீஈ. இலகு வாகன லைசன் எடுத்து இரண்டு வருடம் கழிந்திருக்க வேண்டும், தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் சான்றிதழ் வேண்டும். நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் கன்டரும் சீமெந்து ஏற்றும் ஆறு சில்லு லொறியும் சீ1 அட்டைக்கு ஒன்றுதான். அந்த இரண்டு வருடமும் ஆள் வாகனம் ஓடினாரா, லைசனை அலுமாரியில் வைத்துப் பூட்டினாரா என்று அது கேட்பதுமில்லை.

பயிற்சிப் பள்ளியில் ஓடப் பழகுவது பெரும்பாலும் வெறும் லொறியில். பத்துத் தொன் ஏறிவிட்டால் அது வேறு வாகனம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ட்ரம் சூடேறும், லைனிங்கின் பிடி தளரும், பிறகு எவ்வளவு மிதித்தாலும் லொறி நிற்காது. இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தைப் பிடித்துவைத்து, பிரேக்கை இடையிடையே மட்டும் தொடவேண்டும். பாதி இறக்கத்தில் யோசனை வந்து கியரை மாற்றப்போனால், அது விழாமல் நியூட்ரலில் நின்றுவிடலாம். அப்போது எஞ்சினின் பிடியும் போய்விடும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிமாரின் கணக்கு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களைத் தேடி யாரும் விளம்பரம் போடுவதில்லை.

அனுபவம் என்றாலும் எல்லா அனுபவமும் ஒன்றல்ல. நாற்பதடிக் கொள்கலனைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் பெட்டியின் வால் வலப்பக்கம் போகும். பல வருடம் சாதாரண லொறி ஓடிய கை, அங்கே முதல் நாள் பழகுகிற கைதான். பவுசரில் முழுச் சுமையைவிட அரைச் சுமை பொல்லாதது. வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஓடி, வாகனத்தையும் கூட இழுக்கும். டிப்பரைச் சமமில்லாத நிலத்தில் நிறுத்திப் பெட்டியைத் தூக்கினால் சரிந்துவிடும். ஆகவே பவுசர் ஓடியவரைக் கொள்கலன்காரர் தயங்கித்தான் எடுப்பார்.

முதலாளியின் பயத்திலும் கணக்கு இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை பல வருடம் நீடித்தது. ஒரு லொறி உடைந்தால் இன்னொன்று வாங்குவது எளிதல்லாத அந்தக் காலத்தில், புதுக் கையை நம்பிச் சாவியைக் கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

முன்பு இந்த அறிவு கைமாறிய விதம் வேறு. கண்டி இராச்சியத்தில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே பத்த’ என்ற தனித் திணைக்களம் இருந்தது. முஸ்லிம்கள் பலர் அதில் இராஜகாரியம் என்ற அரச சேவையைச் செய்தார்கள். தவளம் எனப்பட்ட மாட்டுக் கூட்டங்களில் கரையோரத்து உப்பும் கருவாடும் மலைக்கு ஏறின, பாக்கும் மிளகும் இறங்கின. கலகெதரயில் மடிகே என்ற ஊர்ப்பெயர் இன்றும் நிற்கிறது. வாப்பாவோடு நடந்த பிள்ளைக்கு வழியும் சுமையும் தானாகப் பழகின.

லொறி வந்தபோது அந்தப் பிள்ளையின் இடத்துக்குக் கிளீனர் வந்தான். சில்லுக்குக் கட்டை வைத்தான், தார்ப்பாய் கட்டினான், பக்கத்துச் சீட்டிலிருந்து வளைவுகளை மனப்பாடம் செய்தான். வெறும் லொறியை முற்றத்துக்குள் நகர்த்தினான். வருடங்கள் போய் ஒருநாள் சீட் மாறினான். அந்தப் படி இப்போது இற்றுவருகிறது. கிளீனர் கூலிக்குச் சில வருடம் கிடப்பதைவிட முச்சக்கர வண்டி ஓடினால் அன்றே காசு. முன்பு பயிற்சிக்குச் செலவானது கிளீனரின் இளமை. இப்போது அந்தச் செலவை முதலாளியும் ஏற்பதில்லை, அரசும் ஏற்பதில்லை.

இதன் மறுபக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. பதினைந்து வருடம் ஓடியவர்கள், காட்டுவதற்கு ஒரு கடிதம் இல்லாதவர்கள். நாள் சம்பளம், ட்ரிப் கணக்கு என்று ஓடியவருக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருக்காது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் உருவாக்கிய அந்த நிதிக்கு இப்போது ஊழியர் 8 சதவீதமும் முதலாளி 12 சதவீதமும் கட்டவேண்டும். ஓய்வுக்காலக் காசு மட்டுமல்ல, இன்ன இடத்தில் இத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்கு அழியாத சாட்சியும் அதுதான். பெரிய கம்பனிக்கோ வெளிநாட்டு முகவருக்கோ அந்தச் சாட்சி இல்லாமல் பதினைந்து வருடமும் பூச்சியம்.

வெளிநாட்டில் ஆள் தேவை இல்லாமலில்லை. 36 நாடுகளில் 36 இலட்சம் லொறிச் சாரதி வேலைகள் காலியாகக் கிடப்பதாகச் சர்வதேச வீதிப் போக்குவரத்து ஒன்றியம் 2024இல் கணக்குச் சொன்னது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘கோட் 95’ என்ற தொழிற்தகைமை இல்லாமல் கூலிக்கு லொறி ஓட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் பரீட்சையும் உண்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 35 மணித்தியால மறுபயிற்சியும் உண்டு. ஜப்பான் 2024 மார்ச்சில் வெளிநாட்டுத் தொழிலாளருக்கான விசேட திறன் விசாவில் சாரதி வேலையையும் சேர்த்தது. லொறிக்கு ஜப்பானிய மொழியில் என்4 தரமும் அந்நாட்டு லைசனும் வேண்டும். நம்மைப்போல் இடப்பக்கம் ஓடுகிற நாடு என்பது ஒரு சின்ன ஆறுதல்.

உள்ளூரில் சில முதலாளிமார் கடிதமும் கேட்பதில்லை, விளம்பரமும் போடுவதில்லை. சுமையேற்றிய லொறியின் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறி உட்காருவார்கள். வீட்டுக்கதை பேசிக்கொண்டே வருவார்கள். காது மட்டும் எஞ்சினில் இருக்கும், ஆள் கியரைக் குறைப்பது இறக்கப் பலகைக்கு முன்னாலா, பின்னாலா என்று.