பால் பல்லின் வடிவமும் சொத்தையும்



பல் பிரிவின் வாசலில் தாய்மார் தலைகுனிந்து என்னிடம் சொல்லும் வார்த்தை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐயா, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை." ஐந்து வயது மகளை அழைத்துவந்த ஒரு தாயும் அப்படியே சொல்லி அழுதார். இனிப்பும் இரவுப் பால்புட்டியும் சொத்தைக்குக் காரணம் என்பது மெய்தான். ஆனால் அந்த வீட்டில் இரண்டும் கிடையாது. பல் மருத்துவர் அவருக்கு விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

பிள்ளைகளின் தாடையில் ஒவ்வொரு பக்கமும், மேலும் கீழும், இரண்டிரண்டு பால் கடைவாய்ப் பற்கள் உண்டு. சில பிள்ளைகளுக்கு அவ்விரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். சிலருக்கு ஒரு புள்ளியில் மாத்திரம் தொடும். வேறு சிலருக்கோ, இரண்டு வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதுபோல அகலமாகப் பொருந்தியிருக்கும். இந்தியக் குழந்தைப் பல் மருத்துவர்கள் 2018-ஆம் ஆண்டில் இந்த அமைப்புகளை ஓ, எக்ஸ், ஐ, எஸ் என்னும் ஆங்கில எழுத்துகளின் உருவத்தைக் கொண்டே நான்காக வகைப்படுத்தினார்கள். அதே ஆண்டில் வெளியான வேறோர் ஆய்வு, பல்லின் பக்கம் புடைத்திருப்பதைவிடக் குழிந்திருந்தால் அங்கே சொத்தை அதிகம் வருவதாகக் கண்டது.

அந்த இடுக்கினுள் பிரஷ் நுழையாது. பால் பல்லின் எனாமலோ நிலைப்பல்லினுடையதில் ஏறத்தாழப் பாதிக் கனம்தான். ஆகவே சொத்தை சீக்கிரமாய் நரம்பை எட்டிவிடும். வெளியே பல் வெள்ளையாகவே தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே எடுத்தால்தான் அகப்படும்.

"விழப்போகிற பல்தானே" என்று என் பிள்ளைகள் விஷயத்தில் நானும் இருந்துவிட்டேன். பின் கடைவாய்ப் பால் பல் சுமார் 11 வயதுவரை இருக்கவேண்டியது. முன்னதாகவே எடுக்க நேர்ந்தால், பின்னாலுள்ள நிலைப்பல் முன்னே சாய்ந்து, முளைக்கவேண்டிய பல்லின் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

வடிவத்தை நாம் மாற்ற முடியாது. ஆனால் பற்கள் ஒட்டியிருக்கும் பிள்ளைக்குத் தினமும் ஒருமுறை பெரியவர் ஒருவர் பல் நூலை இடுக்கில் விட்டுச் சுத்தம் செய்யலாம். ஃபுளூரைடு பற்பசை 3 வயதுக்குள் அரிசியளவு, பிறகு பட்டாணியளவு போதும். தேவைப்பட்டால் மருத்துவர் ஃபுளூரைடு வார்னிஷ் பூசுவார்.

அந்தச் சிறுமிக்கு இரண்டு பற்களை அடைத்தார்கள். புறப்படுமுன் தாய் தன் மூன்று வயது மகனின் வாயையும் திறந்து காட்டினார். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. அவன் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே நல்ல இடைவெளி இருந்தது, சொத்தை ஒன்றுமில்லை.